'பேடஸ்ட்' இங்கிலீஷ்தானா?

டோலி ஒன்று, காய்ச்சல்காரர் இருவர். வேலையில் சேர்ந்த முதல் வாரமே இப்படி வந்து மாட்டியது.

வெள்ளைக்காரர் காலம், கொல்லிமலைக்கு ரோடு கிடையாது. மலைமேல் வளப்பூர் நாட்டுப் பகுதியில் மருத்துவ முகாம் போட்டிருந்த டாக்டர் துரைசானிக்கு எங்கள் பேச்சை இங்கிலீஷில் எடுத்துச் சொல்வது என் வேலை. கொயினா மருந்துக்கும் அடங்காத காய்ச்சல் என்றால் நாலு பேர் டோலியில் சுமந்து அடிவார ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

என் இங்கிலீஷ் காப்பித் தோட்டத்தில் காதால் பொறுக்கியது. 'குட், குடர், குடஸ்ட். பேட், பேடர், பேடஸ்ட்' என்று நானே அடுக்கி வைத்திருந்தேன்.

மிளகு வாங்க வந்த அடிவாரத்துக் கவுண்டர், "செத்தேன் சாமி!" என்று கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்துப் பாயில் எங்கள் ஊர் பாவாயி அக்கா.

"எப்பிடி இருக்குதுங்கக்கா?" என்று குனிந்து கேட்டேன்.

"தேவலைங்க சாமி."

"பெட்டர், மேடம்" என்று எனக்கு முந்திக்கொண்டார் சேலத்தில் படித்த கம்பவுண்டர். துரைசானி டோலியைக் கவுண்டர் பக்கம் கொண்டுபோகக் கைகாட்டினார்.

நோவைப் பேர் சொன்னால் அது பாய் போட்டு உட்கார்ந்துவிடும் என்பது எங்கள் மலைப் பேச்சு. சாகக் கிடந்தாலும் எங்கள் சனம் 'தேவலை' என்றுதான் சொல்லும். காலையில் அக்காளுக்குக் குரல் இருந்தது; இப்போது உதடுதான் அசைந்தது.

"நோ மேடம்! ஹீ பேட். ஷீ பேடஸ்ட்!"

கம்பவுண்டர் சிரித்துவிட்டார். "ஏப்பா, அப்பிடி ஒரு வார்த்தையே கெடையாது. மானத்தை வாங்காத."

"வார்த்தையை அப்பறம் திருத்துங்க. மொதல்ல அக்காளைத் தூக்குங்க!" டோலி மூங்கிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "பேடஸ்ட், மேடம்! பேடஸ்ட்!"

துரைசானி சிரிக்கவில்லை. அக்காளின் இமையை விலக்கிப் பார்த்தார், நாடி பிடித்தார். டோலி அந்தப் பக்கம் திரும்பியது.

"அப்ப இத்தன நேரம் நான் சும்மாவா கத்துனேன்?" என்று கவுண்டர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் துரைசானியிடமே கேட்டேன், அது இங்கிலீஷா இல்லையா என்று. அவர் ஊர்க் குழந்தைகளும் அப்படிப் பேசுமாம், எல்லாருக்கும் புரியுமாம். ஆனால் ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதினால் ஒருத்தரும் மதிக்க மாட்டார்களாம். கம்பவுண்டர் சொன்னதும் நியாயம்தான். மறுநாளே அவரிடம் போய் நின்றேன்: "சிரிச்சுக்கங்க, ஆனா சொல்லிக் குடுங்க." அவரும் சிரித்துச் சிரித்தே சொல்லிக் கொடுத்தார்.

சில வாரம் கழித்து, ஆஸ்பத்திரியில் தேறிய பாவாயி அக்கா தன் காலால் நடந்தே மலையேறி வந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு அதே பதில்: "தேவலைங்க சாமி."

துரைசானி அதை நம்பாமல் என் பக்கம் திரும்பினார். "குடர்?"

"பெட்டர், மேடம்" என்றேன்.

இந்த வேலைக்கு வருகிற தம்பிகளே, சரியான சொல்லைக் கற்றே தீருங்கள். கற்று முடிக்கிறவரை வாயை மட்டும் மூடி வைக்காதீர்கள்.