ஏழாம் எண் டோக்கன்

தீ பிடித்த இடத்தில் பத்திரிகைக்காரர்கள் நெருப்பைப் படம் எடுப்பார்கள், குழாயைப் பிடித்திருப்பவனை எடுப்பார்கள், வேடிக்கை பார்க்க வந்த கவுன்சிலரைக்கூட எடுப்பார்கள். கையில் ஒரு போர்டை வைத்துக்கொண்டு, கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தபடி நிற்கிற மனுஷனை யாரும் எடுத்ததில்லை. எங்கள் பொன்னுதுரை அண்ணாச்சி பன்னிரண்டு வருடம் அப்படி நின்றவர். அவர் படம் ஒருமுறைகூட பேப்பரில் வரவில்லை என்பதில் அவரைவிட எனக்குத்தான் கோபம்.

என் பெயர் தங்கப்பாண்டி. ஏரல் பக்கம் வயக்காட்டுக் குடும்பம். துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு தீயணைப்பு நிலையத்தில் வண்டி ஓட்டுகிறேன். வண்டியை நிறுத்திப் பம்பைப் போட்டுவிட்டால் பிறகு என் இடம் வெளியேதான். அண்ணாச்சியின் இடமும் வெளியேதான். அதனால் அவரைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

அவர் சாத்தான்குளத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லாவிட்டால் வேதக்கோயில் ஆராதனைக்குப் போகாமல் இருக்க மாட்டார். ஒரு மர டிப்போ தீயில் உத்தரம் விழுந்து வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவரால் உள்ளே போக முடியவில்லை. அப்போதுதான் போர்டு அவர் கைக்கு வந்தது.

போர்டு என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. புகைக்குள் போகிறவன் முதுகில் காற்று சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும் மாட்டிக்கொண்டு போவான். ஒவ்வொருவனுக்கும் எண் போட்ட பித்தளை டோக்கன் ஒன்று உண்டு. போகும்போது அதை அண்ணாச்சியிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைக் கொக்கியில் மாட்டி, பக்கத்தில் போன நேரத்தையும் திரும்ப வேண்டிய நேரத்தையும் எழுதுவார். காற்று அரை மணி நேரம் வந்தால் அதிகம். வெளியே வந்தவன் தன் டோக்கனைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே, இல்லாவிட்டால் ஆள் வெளியே.

திருச்செந்தூர் கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுப்பவர் மாதிரி என்று பையன்கள் அவரைக் கிண்டல் செய்வார்கள். "செருப்பு தொலஞ்சா வெறுங்கால்ல வீட்டுக்குப் போயிரலாம்லே" என்பார் அண்ணாச்சி. அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் தீ இடத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. போர்டில் ஒரு டோக்கன் தொங்கும்வரை உட்கார மாட்டார், ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். முழங்கால் வீங்கிக் கொழுக்கட்டையாக இருக்கும். வண்டிப் படிக்கட்டில் சும்மா சாய்ந்துகொள்ளுங்கள் என்றால்கூட முறைப்பார். கடைசி டோக்கன் போன பிறகுதான் படிக்கட்டில் உட்கார்ந்து பாட்டிலைக் கேட்பார்.

இப்படிப்பட்ட மனுஷன் ஒரே ஒரு நாள் தவறினார்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மே மாதம், காலை பதினொரு மணி. ஒரு பனந்தும்புக் கிடங்கில் தீ. உடன்குடிப் பக்கமிருந்து வருகிற பனைநார்த் தும்பைக் கட்டுக் கட்டாக ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி வைத்திருந்தார்கள், கப்பலில் ஏற்றுவதற்காக. தும்பு மேலே எரியாது. உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டு போய்ப் புகையாகக் கக்கும். பதினொன்று இருபத்தைந்துக்கு எங்களில் நான்கு பேர் உள்ளே போனார்கள். முத்துச்செல்வமும் நேசக்குமாரும் ஒரு ஜோடி.

நேசக்குமார் நாசரேத்துப் பையன், முப்பத்து நாலு வயது. மில்லர்புரத்தில் குடியிருந்தான். மனைவி ஈவாஞ்சலின் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நிலையத்தில் மற்றவர்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவி வைக்கிற ரகம் அவன். அவனுடைய டோக்கன் ஏழாம் எண்.

பதினொன்று நாற்பதுக்கு முத்துச்செல்வம் வெளியே வந்தான். மாஸ்க்கைக் கழற்றி இருமினான். அதே சமயம் இரண்டாவது வண்டிக்காரர்கள் வந்து டோக்கனை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நிலைய அலுவலர் இன்னொரு பக்கமிருந்து கத்திக்கொண்டிருந்தார். முத்துச்செல்வம் கையை நீட்டினான்.

"அண்ணாச்சி, நேசனுதயும் சேத்துத் தாங்க. பின்னாலயே வாரான்."

அண்ணாச்சி இரண்டையும் எடுத்து அவன் கையில் கொடுத்தார். நான் பம்ப் பக்கத்திலிருந்து பார்த்தேன். எனக்கும் தவறாகத் தோன்றவில்லை. ரேஷன் கடை வரிசையில் நம் பையையும் சேர்த்து ஒருவன் நகர்த்தி வைப்பதில்லையா? பஸ்ஸில் துண்டைப் போட்டு இன்னொருவனுக்கு இடம் பிடிப்பதில்லையா? நம் ஊரில் அதற்குப் பெயர் உதவி. அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு எங்களைக் கவிழ்த்தது.

பத்து நிமிடத்தில் மற்றவர்களும் வந்துவிட்டார்கள். போர்டு காலி. "எல்லாரும் வெளியவா?" என்று அலுவலர் கேட்டார். "எல்லாரும் வெளிய சார்" என்றார் அண்ணாச்சி. கூரையைப் பிரித்து மேலிருந்து தண்ணீர் அடிக்க உத்தரவு ஆனது. அண்ணாச்சி படிக்கட்டில் உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், துணியை எடுத்துப் போர்டில் எழுதியிருந்ததைத் துடைத்தார்.

நான் இன்றைக்கும் தூக்கத்தில் கேட்பது அதற்கடுத்த குரலைத்தான். முத்துச்செல்வம் உள்ளங்கையில் டோக்கனை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டியாகத் தேடினான். "நேசா... ஏலே நேசா, ஒன் டோக்கன புடிலே." யாரும் வாங்கவில்லை. மூன்றாவது தடவை கூப்பிடும்போது அவன் குரல் உடைந்துவிட்டது.

மறுபடி உள்ளே போய்த் தேடியபோது நேசன் கதவிலிருந்து ஒன்பதாவது அடியில் கிடந்தான். முத்துச்செல்வத்துக்குப் பின்னால் வந்தவன் மேல் தும்புக் கட்டுகள் சரிந்து காலை அமுக்கியிருந்தன. தூக்கி வந்து கிடத்தியதும் அண்ணாச்சி குனிந்து சிலிண்டர் மீட்டரைப் பார்த்தார். முள் பூஜ்யத்தில் இருந்தது. அதற்கு அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். காற்று தீரும்வரை அவன் மூச்சு விட்டிருக்கிறான். நாங்கள் "எல்லாரும் வெளிய" என்று சொன்னபோது அவன் உயிரோடு இருந்திருக்கிறான்.

அடுத்து விசாரணை வந்தது. போர்டைத் துடைத்தாலும், போர்டோடு அண்ணாச்சி வைத்திருக்கும் பதிவுத் தாளில் எழுதியது இருந்தது. ஏழாம் எண், வெளியே வந்த நேரம் பதினொன்று நாற்பது, டோக்கன் திரும்பக் கொடுக்கப்பட்டது. தாளைப் பார்த்தவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? நேசக்குமார் வெளியே வந்து டோக்கனை வாங்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தானாகவே மறுபடி உள்ளே போயிருக்கிறான் என்று, எங்களைக் கேட்பதற்கு முன்பே எழுதிவைத்தார்கள். விதிமீறல். குடும்பத்துக்கு வர வேண்டிய பணம் எப்படியும் வந்துவிடும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் நிலைய வாசலில் ஒரு கல் உண்டு. பணியில் உயிர்விட்டவர்கள் பெயர் அதில் வெட்டியிருக்கும், ஏப்ரல் பதினான்கு தீத்தொண்டு நாளில் மாலை வைத்து ஒவ்வொரு பெயராக வாசிப்போம். விதியை மீறி இறந்தவன் பெயரை அதில் வெட்ட மாட்டார்கள். தும்புப் புகையில் செத்தவனை நாங்கள் தாளிலும் ஒருமுறை சாகடித்தோம்.

உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். முத்துச்செல்வத்துக்கு இரண்டு கைக்குழந்தைகள். அண்ணாச்சிக்கு ஓய்வுக்குப் பதின்மூன்று மாதம் பாக்கி. மூன்றாவது ஆள் நான். வாயை மூடச் சொன்னதும் நான்தான். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"பேசாம இருங்க அண்ணாச்சி. போன உசுரு திரும்பியா வரப்போவுது? இருக்கவங்களையாவது பாப்போம்" என்றேன்.

அண்ணாச்சி திரும்பி நடந்தார். ஏழாம் எண் டோக்கனை முத்துச்செல்வத்திடமிருந்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

விசாரணை அறையில் என்னைக் கேட்டு முடித்து ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தேன். அண்ணாச்சியிடம் கேட்க வேண்டியதும் அதிகமில்லை. எழுதிவைத்ததை வாசித்துவிட்டு அதிகாரி பேனாவை நீட்டினார். அண்ணாச்சி வாங்கவில்லை.

"அது சரியில்ல சார். நேசன் வெளிய வரவே இல்ல. டோக்கன நான் வேற ஆள் கையில குடுத்தேன்."

"யார் கையில?"

"அது எதுக்கு சார்? கேட்டவன் மேல தப்பு இல்ல. குடுத்தவன் நான்."

வெளியே காத்திருந்த முத்துச்செல்வம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். கூப்பிடாமல் வரக்கூடாது என்றார்கள். அவன் கேட்கவில்லை. "எங் கையிலதான் சார்" என்று மட்டும் சொன்னான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, நானும் பார்த்தேன் என்றேன். மற்றவர்கள் சொன்ன பிறகு சொல்வதில் பெருமை ஒன்றுமில்லை.

அண்ணாச்சிக்குச் சம்பள உயர்வை நிறுத்தினார்கள், முத்துச்செல்வத்துக்கு எச்சரிக்கை, எனக்குப் பொய் சொன்னதற்காக ஒரு மெமோ. தாளில் இருந்த விதிமீறல் என்ற சொல் போனது. கல்லில் வெட்டுவதற்கு நேசக்குமார் பெயரை அனுப்பினார்கள். போர்டை அண்ணாச்சியிடமிருந்து எடுத்து வேறொருவரிடம் கொடுத்தார்கள். அடுத்த தீயில் உள்ளே போகிற பையன்கள் புது ஆளைத் தாண்டிப் போய் அண்ணாச்சியிடமே டோக்கனை நீட்டினார்கள். இரண்டு தடவை பார்த்துவிட்டு அலுவலர் போர்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் ஒரு சாயங்காலம் அண்ணாச்சி என்னை மில்லர்புரத்துக்குக் கூட்டிப் போகச் சொன்னார். பைக்கில் பின்னால் காலை மடக்க முடியாமல் நீட்டிக்கொண்டே வந்தார். ஈவாஞ்சலின் டீச்சர் எங்களை உட்காரச் சொன்னார். மேசையில் திருத்த வேண்டிய நோட்டுகள் அடுக்கி இருந்தன. அண்ணாச்சி உட்காராமல் நின்றபடியே நடந்ததை எல்லாம் சொன்னார். முத்துச்செல்வம் கேட்டது, அவர் கொடுத்தது, எல்லாரும் வெளியே என்று சொன்னது. ஒன்றையும் விடவில்லை.

டீச்சர் அழவில்லை. திறந்து கிடந்த நோட்டை மூடி அடுக்கின் மேல் வைத்தார்.

"அவுக உள்ள கெடக்கயில நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க, அண்ணாச்சி?"

"போர்டத் தொடச்சிட்டு இருந்தேன், டீச்சர்."

எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து ஏழாம் எண் டோக்கனை எடுத்து மேசையில் வைத்தார். அது உங்களிடம் இருக்க வேண்டும் என்றார். டீச்சர் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எண்ணை விரலால் தடவினார்.

"அவங்கவங்க டோக்கன அவங்கவங்களேதான் வாங்கணும்னு உங்க சட்டமாம்லா. அவுக சொல்லிருக்காக."

"ஆமா, டீச்சர்."

"பொறவு எதுக்கு எங்கிட்டத் தாரீங்க?" டோக்கனை அவர் கையிலேயே திருப்பி வைத்தார். "இருக்கட்டும். அவுகளே வந்து வாங்கட்டும்."

கோபத்தில் சொன்னாரா, உயிர்த்தெழுதலை நம்புகிறவர் என்பதால் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கலாம். அண்ணாச்சி விளக்கம் கேட்கவில்லை. நிலையத்துக்குத் திரும்பியதும் போர்டின் முதல் கொக்கியில் ஏழாம் எண்ணை மாட்டினார். பிறகு அதை எடுக்கவே இல்லை. சுவரில் தொங்கும்போதும் சரி, தீ இடத்திலும் சரி, அந்தப் போர்டு அதற்குப் பிறகு காலியாக இருந்ததே இல்லை.

ஏப்ரலில் கல்லில் பெயர் வந்தது. டீச்சர் வந்து மாலை வைத்தார். அடுத்த மாதக் கடைசியில் அண்ணாச்சிக்கு ஓய்வு. நிலையத்தில் சின்னதாக ஒரு விழா வைத்தோம், கேசரியும் மிக்சரும். போர்டு மாட்டியிருக்கும் சுவருக்கு எதிரே அவருக்கு ஒரு நாற்காலி போட்டு, மேலே சால்வையை விரித்திருந்தோம். அலுவலர் பேசினார், முத்துச்செல்வம் பேச ஆரம்பித்து முடிக்காமல் விட்டான், எல்லோரும் ஏதோ பேசினார்கள். முக்கால் மணி நேரம் ஆகியும் அண்ணாச்சி அந்த நாற்காலியில் உட்காரவில்லை. ஒரு கையை மேசையில் ஊன்றிக்கொண்டு நின்றார். யாரோ கொடுத்த தண்ணீரும் அப்படியே இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியை அவர் பின்னால் நகர்த்திப் போட்டேன்.

"உக்காருங்க அண்ணாச்சி. அந்தக் கால் என்னத்துக்கு ஆகும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

"ஒருத்தன் உள்ள இருக்காம்லா" என்றார்.

நான் நாற்காலியை எடுத்துச் சுவரோரமாகப் போட்டுவிட்டு, விழா முடியும்வரை அவர் பக்கத்திலேயே நின்றேன்.