நூற்றுப் பன்னிரண்டு தப்படி

முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பதாம் தப்படியில் நீவா ஹட்செல் நிற்கிறாள். காலணி முனையால் சருகை விலக்கி, சட்டைப்பையிலிருந்து ஒரு சாம்பல்நிறக் கல்லை எடுத்து ஈரமண்ணில் அழுத்துகிறாள். பிறகு திரும்பி, தான் முதுகு சாய்க்கப்போகும் ஓக் மரத்தை ஒருமுறை அளந்து பார்க்கிறாள். கல்லுக்கு இப்பால் வரும் காட்டு வான்கோழிச் சேவல் அவள் துப்பாக்கிக்கு உரியது. அப்பால் நிற்பது, எத்துணை எழிலாகத் தோகையை விரித்தாலும், படைத்தவனுக்கு உரியது.

வயது ஐம்பத்தெட்டு. மிசூரியின் ஓசார்க் மலைச்சரிவுகளில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். அவளுடைய தப்படி சரியாக மூன்றடி. முழங்கால் தேயத் தேயத் தப்படி குறுகும் என்பதால், ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் கொல்லைப்புறத்தில் அளவுநாடாவை விரித்து, அதன்மேல் நடந்து தன்னைத் திருத்திக்கொள்வாள். தேவாலய வாசலிலிருந்து தன் இருக்கை இருபத்திரண்டு தப்படி. அடுக்களையிலிருந்து துணிக்கொடி பதினேழு. கேட்டவருக்கும் சொல்வாள், கேளாதவருக்கும் சொல்வாள்.

அதே மார்ச்சில் காகிதப் பைகளைக் கிழித்து, ஒவ்வொன்றிலும் ஒரு வான்கோழித் தலையையும் கழுத்தையும் கரியால் வரைவாள். நாற்பதில் நின்று ஒன்றைச் சுடுவாள். அறுபதில் நின்று மற்றொன்றை. நாற்பதில் தோட்டாவின் ரவைகள் கழுத்தில் மொய்த்திருக்கும். அறுபதில் அவை காகிதமெங்கும் சிதறி, வரைந்த தலையைத் தொட்டும் தொடாமலும் போயிருக்கும். இரண்டையும் சேமிப்புக் கொட்டகையின் சுவரில் அறைந்து வைப்பாள். "சிதறின ரவை எங்கேயாவது போய்த்தானே ஆகணும்? வீட்டுக்குப் போய்த் தூங்குமா?" என்பாள்.

நிறங்களைப் பற்றியும் அவளுக்குத் தீராத கண்டிப்பு உண்டு. சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமும் கலந்தது. ஆதலால் அம்மூன்றும் வேட்டைக்காரர் உடம்பில் ஒரு நூலளவும் தெரியலாகாது. கைக்குட்டை, காலுறை, உள்சட்டை எல்லாம் அவள் பார்வைக்குத் தப்பா. ஓர் ஏப்ரல் காலையில், உறைபனி படிந்திருக்க, ராய்ஸ் டாக்கெட்டின் சிவப்பு உள்சட்டையைப் புதர்மறைவில் கழற்ற வைத்தவள் அவள்.

ராய்ஸ் அவள் கணவன் ஆர்விலின் சித்தப்பா மகன். கால்நடைத் தீவனக் கடைக்காரன். ஊரைச் சிரிக்க வைப்பவன். பத்தொன்பது இளவேனில்கள் நீவாவும் அவனும் துணைவேட்டைக்காரர்கள். நீவா ஓடைக்கரை ஓக் மரத்தடியில் அமர்ந்து, பெட்டையைப்போல அகவும் மரப்பெட்டியைத் தேய்த்துச் சேவலை அழைப்பாள். ராய்ஸ் மேட்டு மரத்தடியில் காத்திருப்பான். உடன்படிக்கை ஒன்றே: அவரவர் மரத்தைவிட்டு அவரவர் எழலாகாது. எழுந்தே ஆகவேண்டுமாயின் கையசைக்காமல், பறவையொலி எழுப்பாமல், மனிதக் குரலில் உரக்கப் பேசவேண்டும்.

சென்ற ஏப்ரலில் ராய்ஸ் எழுந்தான். பேசவில்லை.

சேவல் அவள் பெட்டிக்குப் பதில் கொடுத்துக்கொண்டே இறங்கி வந்தது. அதன் குரலைத் தொடர்ந்து அவனும் ஊர்ந்து வந்தான். புதரிடையே ஒரு தோகையைக் கண்டான்; சுட்டான். பறவை பறந்துபோயிற்று. அதன் பின்னால் இருந்த நீவாவின் இடச்செவி மடல் பிளந்தது. ஒரு ரவை தாடையெலும்பின் ஓரத்தில் புகுந்து, இன்றுவரை அங்கேயே இருக்கிறது. தோண்டி எடுத்தால் முகத்தின் நரம்பு கெடும் என்றார் மருத்துவர்.

வேட்டைத் துறையினர் படிவத்தில் 'விபத்து' என்று எழுதினார்கள். அந்தச் சொல் அவளுக்கு ரவையைக்காட்டிலும் ஆழமாகத் தைத்தது. "மழை வர்றது விபத்து. மரம் விழறது விபத்து. துப்பாக்கி விசையில விரல் மடங்குறது எப்படிடா விபத்தாகும்?" என்று கணவனிடம் கேட்டாள்.

"விடு நீவா, நம்ம ராய்ஸ்தானே" என்றான் ஆர்வில்.

"நம்ம காதுதான் அதுவும்."

அவளுடைய சினம் அவன் சுட்டதோடு நின்றிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். ராய்ஸ் அதைக் கதையாக்கினான். தன் மரத்தடியிலேயே தான் இருந்ததாகவும், ஆசை பொறுக்காமல் நீவாதான் சேவலை நோக்கி நகர்ந்து குறுக்கே வந்ததாகவும் ஊருக்குச் சொன்னான். ஊர் அதைச் சிரித்து ஏற்றுக்கொண்டது. மலையேறிச் சென்று பார்ப்பதைவிடச் சிரிப்பது எளிதல்லவா?

ஆனால் நீவா ஏறிப் பார்த்திருந்தாள். காதில் தையல் ஈரம் காயாத மூன்றாம் நாளே போனாள். தன் நிலத்தில், மேட்டு மரத்துக்கு வெகு கீழே, சருகினிடையே, ராய்ஸின் பச்சைநிற வெற்றுத் தோட்டா கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. பக்கத்தில் ஓர் இரும்பு வேலிக்கம்பியை அறைந்து, அதன் தலையில் ஆரஞ்சு நாடாவைக் கட்டினாள். ஓராண்டு மழையும் பனியும் அதன்மேல் பெய்தன. மாதத்துக்கு ஒருமுறை போய், தோட்டா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள்.

இந்த ஆண்டு வேட்டைப் பருவம் திங்கட்கிழமை தொடங்குகிறது. அதற்கு முந்திய சனிக்கிழமை காலை, சாப்பாட்டுக் கடையில், வெண்குழம்பு ஊற்றிய பிஸ்கட் என்னும் மென்ரொட்டியின் முன்னே நீவா அமர்ந்திருந்தாள். அடுத்த மேசையில் ராய்ஸும், சென்ற இலையுதிர்காலத்தில் அவன் மகனை மணந்து கான்சஸ் நகரத்திலிருந்து வந்த மருமகள் ட்ரெஸ்ஸாவும் இருந்தார்கள். ட்ரெஸ்ஸாவுக்கு இதுவே முதல் வேட்டை.

"கேளு ட்ரெஸ்ஸா," என்றான் ராய்ஸ், கடை முழுதும் கேட்கும்படி. "காது குத்தணும்னா நகைக்கடையில காத்துக் கிடக்கணும். நம்ம நீவா அம்மணிக்கு நான் உக்காந்த இடத்துல இருந்தே குத்தி விட்டேன்."

சிரிப்பு எழுந்தது. நீவா முட்கரண்டியை வைத்துவிட்டு, ஆள்காட்டி விரலால் தாடையோரத்தை அழுத்தினாள். அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அவள் செய்வது அது. உள்ளே கடுகளவாய் அந்த ரவை நகரும்.

"திங்கக்கிழமை நீ கீழ ஓடைக்கரை மரத்துல உக்காந்து பெட்டியைத் தேய்," என்று ராய்ஸ் மருமகளிடம் தொடர்ந்தான். "நான் மேல மேட்டுல இருப்பேன். பத்தொன்பது வருஷம் இப்படித்தான்."

நீவா எழுந்தாள்.

"நீ எங்க இருப்பே, ராய்ஸ்?"

"மேட்டுலதான்."

"போன வருஷம் எங்க இருந்தே?"

"அதே மேட்டுல. அட, மறுபடியும் ஆரம்பிக்காத தாயே. நாப்பது தப்படியில பறவை நின்னுச்சு, நீ சொல்ற அதே நாப்பது. நான் சுட்டேன்."

"நாப்பது பறவைக்கு. ஆள் இருக்கிற திசையில நாப்பதும் கிடையாது, நாலும் கிடையாது. அந்தப் பக்கம் குழலே திரும்பக் கூடாது." அவள் குரல் உயரவில்லை. பேருந்தில் பின்னிருக்கைப் பிள்ளைகளை அடக்கும் குரல் அது. "எந்திரி. வந்து எண்ணு."

"முழங்கால் வலிக்குது."

"ஊர்ந்து வந்தப்ப வலிக்கலையே."

இம்முறை எவரும் சிரிக்கவில்லை. ட்ரெஸ்ஸா காபிக் கோப்பையை நகர்த்திவிட்டு எழுந்தாள். "நான் எண்ணறேன், நீவா அத்தை. அங்க உக்காரப்போறது நான்தானே."

மருமகளும் நீவாவும் மலைக்கு முன்னே போக, ராய்ஸ் பின்தங்க முடியாமல் வந்தான். அங்கே டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. ஓடைக்கரை ஓக் மரத்தடியில், அமர்ந்தவளின் தலை மட்டத்தில், பட்டையில் நான்கு துளைகள். ட்ரெஸ்ஸா சுண்டுவிரல் நகத்தை ஒன்றனுள் நுழைத்துப் பார்த்தாள். பிறகு தானே அங்கே அமர்ந்து, தலையைச் சாய்த்தாள். துளைகள் இரண்டு அவள் காதுக்கு ஒரு சாண் தள்ளியும், இரண்டு நெற்றி மட்டத்தில் பக்கவாட்டிலும் இருந்தன.

"அத்தை நகரலை மாமா," என்றாள். "நகர்ந்திருந்தா இந்தத் துளையெல்லாம் இங்க, உக்காந்த தலை உயரத்துல எப்படி வந்திருக்கும்?"

ராய்ஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி அணிந்தான்.

அங்கிருந்து ட்ரெஸ்ஸா எண்ணத் தொடங்கினாள். நீவா தன் அளவுத் தப்படியை அவள் பக்கத்தில் வைத்து நடந்தாள். அறுபத்து மூன்றில் ஆரஞ்சு நாடாவும் வேலிக்கம்பியும். அதன் அடியில், ஓராண்டில் நிறம் வெளுத்த தோட்டா.

"இது உங்களுதா மாமா?"

ராய்ஸ் குனிந்து பார்த்து, அங்கேயே நின்றுவிட்டான். எண்ணிக்கை தொடர்ந்தது. புதர்களைச் சுற்றி, பாறையைக் கடந்து, மேட்டில் அவன் இருந்திருக்கவேண்டிய மரத்தை அடைந்தபோது நூற்றுப் பன்னிரண்டு. ட்ரெஸ்ஸா அந்த மரத்தைத் தட்டினாள். கீழே, கம்பியருகே, ராய்ஸ் சிறிய உருவமாக நின்றான். அங்கிருந்து பார்த்தபோது ஓடைக்கரை ஓக் மரமே கண்ணுக்குத் தெரியவில்லை.

"நூத்திப் பன்னெண்டு," என்றாள் ட்ரெஸ்ஸா, மனிதக் குரலில், உரக்க.

இறங்கி வந்தபோது ராய்ஸின் முகத்தில் கடையில் கண்ட எதுவும் இல்லை. "சேவல் பதில் சொல்லிக்கிட்டே இருந்துச்சு நீவா," என்றான். "காலு தானாப் போச்சு. போனதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுக்கப்புறம் கதை நல்லா வந்துடுச்சு."

"ஒரு வருஷம் நல்லா வந்துச்சு," என்றாள் நீவா.

"கடையில இன்னைக்கே சொல்லிடறேன். எழுந்தது நான்தான்னு."

"சொல்லு. கணக்கையும் சேத்துச் சொல்லு."

"திங்கக்கிழமை நான் அத்தை கூட ஒரே மரத்துல உக்காந்துக்கறேன் மாமா," என்றாள் ட்ரெஸ்ஸா. "தோளோட தோள் ஒட்டி. நீங்க வேற மலை பாத்துக்கோங்க."

ராய்ஸ் தலையசைத்தான். பிறகு, எல்லாம் முடிந்ததென்று எண்ணியவன்போல், ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றிக் குனிந்து, வேலிக்கம்பியைப் பிடுங்க இரு கைகளாலும் பற்றினான்.

நீவா தொப்பியைக் கழற்றினாள். பிளந்த செவிக்குப் பின்னே முடியை ஒதுக்கிவிட்டு, காலணியைத் தூக்கி, அந்தக் கம்பியின் தலைமேல் வைத்து அழுத்தினாள். "இது இங்கேயே இருக்கும்."