கவ்வாத்து மலையில் இறுகிய விசை

அன்று நான் ஒரு மனிதனைக் கொல்லாமல் விட்டதற்கு என் திறமை காரணமல்ல. என் திறமையை மட்டும் நம்பியிருந்தால் அவர் செத்திருப்பார்.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் சின்னக் கிளாக்கர். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வெறிநாய்த் தொல்லை கூடியதால், தோட்டத்துத் துரை புதிதாக வாங்கிய ரிவால்வரை என்னிடம் கொடுத்தார். அடுத்த வாரம் சனிக்கிழமை அவர் முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். பேனா பிடித்த கைக்கு அதன் பிடி அடங்கவில்லை. சொரசொரப்பான வரிகள் உள்ளங்கையில் பதிந்து, மாலைவரை மறையாது. விசையோ கல். இழுத்தால் குழல் கீழே தலையாட்டும். குழல்மேல் ஐந்து சதக் காசை வைத்து, அது விழாமல், தோட்டா இல்லாத வெறும் விசையை இழுத்துப் பழகச் சொல்லியிருந்தார் துரை. நான் இழுத்தேன். காசு விழுந்தது. மூன்று நாளும் விழுந்தது. நாலாம் நாள் நின்றது.

"மூஞ்சிய இப்புடி வச்சிக்கிட்டீங்கன்னா நாய் பயந்தே செத்துருமுங்க" என்றாள் என் மனைவி. பிறகு குரலைத் தாழ்த்தி, "புதுக் கத்தியக்கூட கவ்வாத்து சாமி முன்னால வைக்காம யாரும் தொடமாட்டாங்க. இதையும் ஒருவாட்டி வச்சிட்டு வாங்களேன்."

"அது கவ்வாத்துக்குத் தேயிலைச் செடி வெட்டுற கத்தி. இது லைசென்சு உள்ள சாமான்" என்றேன், பெரிய மனிதனைப் போல.

ஞாயிறு பிற்பகல், ஆளில்லாத நேரம் பார்த்து, மறுநாள் கவ்வாத்து வெட்டவிருந்த மலைக்கு ஏறினேன். வெள்ளை பூசிய தகர மூடியொன்றை ஒரு கிளையில் மாட்டி, முப்பது அடி பின்வாங்கி, முதன்முறையாகத் தோட்டா போட்டேன். அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. தேயிலை நிறைகள் வரிசை வரிசையாக மறைந்தன. எங்கும் சத்தமில்லை. என் மூச்சு மட்டும் வேறு யாருடையதோபோல் கேட்டது.

பனி கொஞ்சம் விலகியபோது வெள்ளையாக ஒன்று தெரிந்தது. குறி வைத்தேன். இழுத்தேன்.

விசை அசையவில்லை.

மறுபடி இழுத்தேன். ஆயிரம் தடவை அசைந்த விசை, உள்ளேயிருந்து யாரோ விரல் கொடுத்துப் பிடித்ததுபோல நின்றது. மூன்றாம் தடவை முழு பலத்தோடு இழுக்கப் போனேன். அப்போது அந்த வெள்ளை நிமிர்ந்தது.

"யாரு, கிளாக்கரய்யாங்களா?"

வெள்ளைத் தலைப்பாகை கட்டிய கவ்வாத்துக் கங்காணி. மறுநாள் பூசைக்காக, மரத்தடியில் இருந்த கவ்வாத்து சாமிக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். என் தகர மூடி அவருக்கு இடப்பக்கம், பத்தடி தள்ளித் தொங்கியது.

என் கையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"சாமிக்கி வைக்கக் கொண்டாந்தீங்களா? நல்லதுங்க. வைங்க, வைங்க."

தோட்டாக்களை உருவிவிட்டுக் கல்லின் முன் வைத்தேன். அவர் பிடியில் விபூதி பூசி, "என்னங்க இப்புடி வேர்க்குது, இந்தக் குளிர்ல?" என்றார்.

வீட்டுக்கு வந்து இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய்போல அசைந்தது. காசு விழவில்லை.

மறுநாள், விசை இறுகுகிறது என்று துரையிடம் முறையிட்டேன். அவர் வாங்கி ஆறு தோட்டாவையும் சுட்டார். ஆறும் வெடித்தன.

"துவக்கு நல்லாத்தான் இருக்கு, மேன். ஒன் விரல்தான் சரியில்ல."

"ஆமாங்க தொரை" என்றேன். மலையில் அந்த விசைமேல் இருந்தது என் விரல் ஒன்றுதானா என்று அவரிடம் எப்படிக் கேட்பது?