எட்டில் ஓடிய மெஷின்

எண்பதுகளின் கடைசியில் தென்காசியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தேன். சென்டர் என்பது பெரிய பேச்சு. ஒரு மெஷின், ஒரு பிரிண்டர், ஒரு ஆபரேட்டர். அந்தப் பெண் சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் நான்கு மாதக் கைக்குழந்தை. சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் பால் கொடுக்கப் போய்விடலாம். விட்டால் அடுத்தது ஏழுக்குத்தான்.

ஒரு பீடிக் கம்பெனியின் கூலிக் கணக்கை அடிப்பது அவள் வேலை. ஒரு வரி அடித்தால், மெஷின் எல்லாவற்றையும் மறுபடி கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரிக்கு விடும். அந்தச் சுணக்கத்தில் பாதி நாள் அவளுக்கு ஐந்து மணி பஸ் போய்விடும். எனக்கே எரிச்சலாக இருக்கும். மெட்ராஸ் போனபோது வேகமான கிரிஸ்டல் ஒன்று வாங்கி வந்தேன். பிராசஸர் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்று சொல்லும் சின்ன உலோகத் துண்டு அது. பழையதைக் கழற்றிவிட்டு இதைச் சொருகியதும், ஆறு மெகாஹெர்ட்ஸில் ஓடிய மெஷின் எட்டில் ஓடியது.

நான் பயந்தாங்கொள்ளி. முதலில் பிளாப்பிகளை எல்லாம் நகலெடுத்தேன். சிப்பின் மேல் விரல் வைத்துச் சூடு பார்த்தேன். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டி விடை மாறுகிறதா என்று ஒத்துப் பார்த்தேன். மாறவே இல்லை. எப்படி மாறும்? அது சாரல் காலம். குற்றாலத்துக் காற்று ஜன்னல் வழியாக மெஷினுக்கே வீசிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க்காரனைத் தவிர வேறு எவனும் ஆடி மாதத்தில் சூடு பரிசோதித்திருக்க மாட்டான்.

மறுவாரத்திலிருந்து அவள் தினமும் ஐந்து மணி பஸ்ஸில் போனாள்.

"இப்பம் கை நல்லாப் பழகிட்டு அண்ணாச்சி," என்றாள். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க மனசு வரவில்லை. சிரித்து வைத்தேன்.

புரட்டாசி வெயிலில் மெஷின் வேலைக்கு நடுவே அப்படியே நின்றுபோக ஆரம்பித்தது. தப்பாகக் கூட்டிவிட்டால் பீடி சுற்றும் பெண்களின் கூலியில் கை வைத்ததாகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கிரிஸ்டலையே மாட்டினேன். அது சரியான காரியம்தான். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. மெஷினை நோண்டினேன் என்று கம்பெனி காதுக்குப் போனால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்று பயம்.

மதியச் சாப்பாட்டை அரைகுறையாக விழுங்கிவிட்டு அடித்தாள். அப்படியும் பஸ் போய்விடும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன், வெட்கங்கெட்டவன்.

ஒருநாள் ஐந்து மணி தாண்டியும் அவள் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"பிள்ளைக்குப் பால மறக்கடிச்சிட்டேன் அண்ணாச்சி. வேப்பெண்ணெயத் தடவித்தான். எங் கைக்கு முன்ன மாதிரி வேகம் இல்ல. வேற என்ன செய்ய?"

அதற்குமேல் தாங்காமல் கிரிஸ்டலை மாற்றியது, திரும்ப மாட்டியது, வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பம் ஆடியில வேகமாப் போனதும் எங் கை இல்லையா, அண்ணாச்சி?"