மரக்காணத்தில் கேட்ட அரபி

காலை ஆறரைக்குப் புதுச்சேரி விடுதி வாசலில் வேன் வந்து நின்றது. அதே நேரம் சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளரின் போன். காய்ச்சலாம், வர முடியாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைக் கடலில் வீசியிருப்பேன். பாவம், காய்ச்சல் நிஜமாகவும் இருக்கலாம்.

நான் கோயம்புத்தூரில் மீன் பதப்படுத்தும் இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். உடன் வந்திருந்தவர் மஸ்கட் வியாபாரி சாலிம். மீனை உப்பிட்டு உலர்த்தி, பாக்கெட் போட்டு வளைகுடாவுக்கு அனுப்ப ஒரு தொழிற்சாலை கட்டப்போகிறார். மரக்காணமா, குஜராத் கரையா என்று இன்று முடிவு சொல்வதாக ஏற்பாடு. அவருக்கு அரபி, எனக்குத் தமிழும் இங்கிலீஷும். நடுவில் ஆள் இல்லை.

வேன் ஓட்டுநர் யூசுப் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ஏன் மேடம் டென்ஷன் ஆவுறீங்க? பன்னெண்டு வருஷம் மஸ்கட் மீன் மார்க்கெட்ல கோல்டு ஸ்டோரேஜ் ஃபோர்மேனா இருந்தேன். அவரு பேசறதை நான் சொல்றேன், விடுங்க."

அப்போதே சாலிமிடம் அரபியில் ஏதோ கேட்டார். அதன்பின் வழி நெடுக இரண்டு பேருக்கும் வாய் மூடவில்லை. நான் ஒருத்தி வண்டியில் இருப்பதே மறந்துபோனது. மறந்தால் மறக்கட்டும், சாமி மாதிரி வந்து சேர்ந்தார் மனுஷன் என்று இருந்துவிட்டேன்.

வழியில் அனுமந்தையில் டீ பதினைந்து ரூபாய். கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கேரளத்துப் படகுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள், அங்கிருந்து வந்த வியாபாரியிடம் மலையாளத்திலேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சாலிம் டீயை ஆறவிட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மணிக்கு மரக்காணம். புதுச்சேரியிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். உப்பளத்தில் இறங்கியதும் கண்ணைத் திறக்க முடியாத வெளிச்சம். தொழிற்சாலைக்கு ஆள் கிடைக்குமா என்று பேச வரப்பில் எங்களுக்காகக் காத்திருந்தவர் அமுதா, உப்பு வாரும் பெண்களுக்கு மேஸ்திரி. நெல்லூரில் இறால் கம்பெனியில் இருந்தவர், தெலுங்கு சரளம். பிறகு இரண்டு வருடம் குவைத்தில் வீட்டு வேலை.

அமுதா சாலிமைப் பார்த்து, கவிழ்த்து வைத்த கூடையைக் காட்டி, அரபியில் வெடுக்கென்று இரண்டு வார்த்தை சொன்னார். தண்ணீர் பாட்டிலை நீட்டி இன்னொன்று. சாலிம் அப்படியே நின்றுவிட்டார். போச்சுடா என்று நான் யூசுப் பாயைப் பார்த்தேன்.

"'உக்காரு சீக்கிரம், குடி'ங்குது மேடம்" என்றார் யூசுப் பாய், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "குவைத்துல வீட்டம்மா இதை வேலை வாங்கின பேச்சைத்தானே கத்துக்கினு வந்திருக்கு. தயவு பண்ணி உக்காருங்கன்னு அந்தம்மா எங்க சொல்லியிருக்கப் போறாங்க? பதிலுக்கு இது அங்க சொன்னதெல்லாம் ஒரே வார்த்தை, ஹாதிர். இதோ செஞ்சுடறேன்னு அர்த்தம்."

அதையே அரபியிலும் விளக்கினார். சாலிம் கூடைமேல் உட்கார்ந்து, தண்ணீரை முழுவதும் குடித்தார்.

பேச்சு தொடங்கியது. மீன் தரம் பிரிப்பது, ஐஸ் அளவு, பாக்கெட் ஒட்டுவது என்று அவர் கேட்கக் கேட்க அமுதா பட்பட்டென்று பதில் சொன்னார். நடுவில், "கக்கூஸும் பூட்ஸும் குடுப்பாரான்னு கேளுங்க பாய்" என்றார். பாய் அதையும் விடாமல் சொன்னார்.

கடைசியில் சாலிம் கேட்டதைப் பாய் தயங்கித்தான் தமிழில் சொன்னார். "மொழி தெரிஞ்சவங்க, தொழில் தெரிஞ்சவங்க, எல்லாம் சரி. அதனாலயே நாளைக்கு நீங்கல்லாம் வெளிநாட்டுக்குக் கிளம்பிட்டா என் ஃபேக்டரி என்ன ஆவுறதுங்கறாரு."

அமுதா உப்புக் குவியலைப் பார்த்தார். "மழை வந்துட்டா இங்க வேலை இல்லைங்க. ஏஜெண்ட் போன் மேல போன் போடறான். இந்த வருஷம் மழைக்குள்ள வேற வழி கிடைக்கலன்னா நான் போய்த்தான் ஆவணும். என் பொண்ணை ரெண்டு வருஷம் போன்லயே வளர்த்தேன். இங்க சோறு கிடைச்சா எவ போவா?"

அரபியில் சொல்லும்போது பாயின் குரல் இறங்கிவிட்டது. முடித்துவிட்டு, "எனக்கும் அதே பதில்தான்னு சேர்த்துச் சொல்லிட்டேன் மேடம்" என்றார்.

சாலிம் கூடையை விட்டு எழுந்தார். என்னிடம் அரபியிலேயே பேசினார். பாய் சொன்னார்: "குஜராத்துக்கு டிக்கெட் வேணாமாம். மழைக்கு முன்னாடி ஆளெடுக்கணும், மெஷினுக்கு இப்பவே ஆர்டர் போடுங்கங்கறாரு."

எங்கள் கோயம்புத்தூரில் ஆள் கிடைக்கவில்லை என்று எந்நேரமும் புலம்புவோம். வெளியூரிலிருந்து கூட்டி வந்து, பேச்சுப் புரியாமல் கைஜாடையில் காலம் தள்ளுகிறோம். இங்கே பிழைக்கப் போன ஊரின் பேச்சையெல்லாம் நாக்கில் சுமந்துகொண்டு வந்து, வேலைக்காகக் காத்திருக்கிறார்கள். பாய்க்கும் அமுதாவுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியாமல், வாங்கி வந்திருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளை எல்லாருக்கும் நீட்டிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் வேனில் ஏறும்போது அமுதா சாலிமைப் பார்த்து அரபியில் ஒரு வார்த்தை சொன்னார். அதே அதட்டல்.

"'வா'ங்குது. மறுபடியும் வாங்கன்னு சொல்லுது" என்றார் பாய்.

சாலிம் நெஞ்சில் கை வைத்து லேசாகத் தலை குனிந்தார். "ஹாதிர்" என்றார்.

அமுதா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத்தினி நாளா நான்தாங்க அதைச் சொல்லினு இருந்தேன்" என்றார்.