ஒன்பதாவது எபிசோடில் தூக்காத கை

காலை பதினொன்றரை மணிக்கு டைரக்டர் என்னிடம் ஓடி வந்து, "ஸ்டெல்லா அக்கா, எனக்கு ஒரு எம்.எல்.ஏ. வேணும். அரை மணி நேரத்துல" என்றார்.

கொடைக்கானலில் இருபத்திரண்டு வருஷமாக ஷூட்டிங்குகளுக்கு லொகேஷனும் ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டும் பிடித்துக் கொடுக்கிறேன். குதிரை கேட்டிருக்கிறார்கள், பேய் பங்களா கேட்டிருக்கிறார்கள். அவசரத்துக்கு எம்.எல்.ஏ. கேட்டது அன்றைக்குத்தான்.

அது ஓ.டி.டி.க்கு எடுத்த அரசியல் த்ரில்லர். பத்து எபிசோடில் ஒன்பதாவது. முதலமைச்சரைக் கவிழ்க்க அவர் கட்சிக்காரர்களே பதினெட்டு எம்.எல்.ஏ.க்களைக் கொண்டுவந்து மலை பங்களாவில் அடைத்து வைத்திருக்கிறார்கள். மறுநாள் சட்டசபையில் ஓட்டெடுப்பு. கோஷ்டித் தலைவர், "அவருக்கு எதிரா ஓட்டுப் போடுறவங்க கையைத் தூக்குங்க" என்பார். பதினேழு கைகள் உடனே உயரும். முதலமைச்சரோடு முப்பது வருஷம் கூடவே இருந்த ஒரு பெரியவர் மட்டும் தயங்கித் தயங்கி, கடைசியில் அவரும் தூக்குவார். எபிசோடு அங்கே முடியும்.

அந்தப் பெரியவராக நடிக்க வேண்டியவர், வத்தலக்குண்டு ரோட்டில் மரம் விழுந்ததால் மலைக்குக் கீழேயே மாட்டிக்கொண்டார். ஷூட்டிங்கைத் தள்ளிவைக்கவும் முடியாது, மறுநாள் அதே பங்களாவில் யாருக்கோ கல்யாண வரவேற்பு. மூன்று மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் ஜன்னல் வழியாக ஒன்றும் தெரியாது.

கூட்டத்து எம்.எல்.ஏ.க்களாக நடிக்கப் பக்கத்து மலைக்கிராமமான கவுஞ்சியிலிருந்து பன்னிரண்டு பேரை வேனில் கூட்டி வந்திருந்தேன். அதில் சின்னராசு அண்ணன் ஒருவர். பூண்டு விவசாயி, முன்னாள் வார்டு மெம்பர். நரைத்த மீசை, யோசனையான முகம். டைரக்டர் பார்த்ததுமே, "இவர்தான்" என்றார். வசனம் கிடையாது, கையைத் தூக்கினால் போதும். அவர் முதலில் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வேன் டிரைவருக்கு வேட்டி கட்டி உட்கார வைத்தோம்.

முதல் டேக். பதினேழு கைகள் உயர்ந்தன. சின்னராசு அண்ணன் தயங்கினார். டைரக்டர் மானிட்டரைப் பார்த்துப் பூரித்தார். அரை நிமிஷம் ஆயிற்று. ஒரு நிமிஷம் ஆயிற்று.

"கட்! ஐயா, கையைத் தூக்கணும்."

"தூக்க மாட்டேன் தம்பி."

நான் ஓடினேன். "என்னண்ணே, நடிப்புதான?"

"ஊருல இருக்கவனுக்கு அது தெரியுமா? எங்க பஞ்சாயத்துத் தலைவர் பெருமாள்சாமிய எறக்க அத்தன மெம்பரும் கையத் தூக்கினப்ப, நா ஒருத்தன்தான் தூக்கல. எம் பதவி போயி பத்து வருசமாச்சு, இன்னும் என்னைய மெம்பர்னுதான் கூப்பிடுறாக. எதுக்குங்கிற? அந்த ஒத்தக் கைக்குத்தான்."

இரண்டாவது டேக்கில் அவர் பக்கத்தில் இருந்த இரண்டு கவுஞ்சிக்காரர்களும் கையை இறக்கிக்கொண்டார்கள். மூன்றாவதில் ஐந்து பேர். கதைப்படி கவிழ வேண்டிய ஆட்சி எங்கள் பங்களாவில் டேக்குக்கு டேக் பலமாகிக்கொண்டே போயிற்று.

மணி இரண்டரை. யாரும் சாப்பிடவில்லை. பனி கீழ்த்தோட்டம் வரைக்கும் வந்துவிட்டது. நான் டைரக்டர் காதில், "சவுண்ட் வேணாம். கேமராவ மட்டும் ஓட்டுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றேன். கேமரா ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னேன்.

"சீன் முடிஞ்சிருச்சு. எல்லாரும் அப்படியே உக்காருங்க, சாப்பாட்டுக்கு ஆள் எண்ணணும்" என்று சத்தம் போட்டேன். "சாம்பார் சாதம் எல்லாருக்கும் இருக்கு. சிக்கன் பிரியாணி வேணுங்கிறவங்க மட்டும் கையத் தூக்குங்க!"

பதினேழு கைகள் படக்கென்று உயர்ந்தன. சின்னராசு அண்ணன் தூக்கவில்லை. இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். தலையைக் குனிந்தார். ஏதோ பெரிய பாவம் செய்கிற மாதிரி, கை மெல்ல மேலே வந்தது. டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நாலு மாசம் கழித்து எபிசோடு வந்தது. மறுநாள் வெள்ளனே சின்னராசு அண்ணனிடமிருந்து போன்.

"ஏம்மா ஸ்டெல்லா, வெரசா கெளம்பி கவுஞ்சிக்கு வா."

போனேன். டீக்கடையில் பாதி ஊர் நின்றது. நாலு மாசமாக அவர், 'எவ்வளவோ கெஞ்சினாங்க, நா கையத் தூக்கலயே' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். இப்போது எல்லார் போனிலும் அவர் கை உயர்ந்து நிற்கிறது. பழைய தலைவர் பெருமாள்சாமி அவரோடு பேசுவதையே விட்டுவிட்டார்.

"நீயே சொல்லு" என்றார் சின்னராசு அண்ணன். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் என் பெருமையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். டேப் ஒட்டியதையும் சொன்னேன். பெருமாள்சாமி விழுந்து விழுந்து சிரித்தார். "அட, பிரியாணிக்கா தூக்கின! நாங்கூட என்னமோன்னு நெனச்சேன்" என்று வந்து தோளைக் கட்டிக்கொண்டார். கடையே சிரித்தது.

சின்னராசு அண்ணன் சம்சாரம் பாப்பாத்தி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "ஏங்க, அன்னைக்குக் கிருத்திகையில்ல? வெரதம்னு காலையில காப்பி கூடக் குடிக்காமப் போனீக?"

பிரியாணிக்குக் கை தூக்க அவர் ஏன் அப்படித் தயங்கினார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. விரதம் முறித்ததற்குப் பழனி மலை ஏறி மொட்டை போட வேண்டும். "சாப்பாடு காட்டிக் கெடுத்தவளும் கூட வரணும்" என்றார் பாப்பாத்தி அக்கா. சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட்டு நானும் போனேன்.

பாதிப் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். "மன்னிச்சிருங்கண்ணே" என்றேன். "நெசத்தச் சொல்லிக் கேட்டிருந்தா நீங்க தூக்கியிருக்க மாட்டீங்க."

"மாட்டேன்தான்" என்றார். "ஆனா நீ வேற ஆளப் பாத்திருப்பேல்ல? ஊருல கை இல்லாதவனா இருக்கான்?"

அவர் எழுந்து துண்டை உதறிக்கொண்டு மேலே ஏறினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஒருவரிடம் முகத்தைக் கேட்கும்போதே அது எந்த சீனுக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். நான் இப்போது வேனில் ஏற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இரண்டு தடவை ஆட்கள் இறங்கிப் போயிருக்கிறார்கள், டைரக்டர்களும் திட்டியிருக்கிறார்கள். திட்டட்டும். அவர்கள் ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனதும் சென்னைக்குப் போய்விடுவார்கள், அந்த ஆட்களின் ஊர் வழியாக நான்தான் தினமும் போக வேண்டும்.