பதினெட்டு நிமிடம்

1. பின்வரிசை

மாலை ஆறு மணி வகுப்புக்கு நான் ஒரு நாளும் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. தொழிற்சாலையில் சங்கு ஊதுவது நாலரைக்கு. கேட்டில் பையைச் சோதித்து வெளியே விடுவதற்குள் ஐந்தாகிவிடும். அங்கிருந்து செகந்திராபாத் ஸ்டேஷனுக்கு ஒரு பஸ், ஸ்டேஷனிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு இன்னொரு பஸ். முதல் நாள் நான் வகுப்பறைக் கதவைத் தட்டியபோது மணி ஆறு இருபத்தைந்து. ஒரு கையில் காலி டிபன் பாக்ஸ், இன்னொரு கையில் குடை. பேராசிரியர் மூர்த்தி என்னைப் பார்த்துவிட்டு, யாரைத் தேடி வந்திருக்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மாணவி என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்காமல் பின்வரிசையைக் காட்டினார்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு வயது முப்பத்தொன்பது. ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் செக்‌ஷனில் பதிமூன்று வருஷமாக உதவியாளர். ஆபீசர் ஆக வேண்டுமானால் முதுகலைப் பட்டம் வேண்டும், வயது நாற்பதைத் தாண்டக் கூடாது என்பது விதி. மாலைக் கல்லூரியில் எம்.ஏ. பொருளாதாரம் சேர்ந்து எல்லாத் தாளும் முடித்து, கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. அப்ளைடு மைக்ரோ எகனாமிக்ஸ். அதற்குப் பரீட்சையோடு ஒரு ஆய்வுக் கட்டுரையும் உண்டு. சொந்தமாகத் தகவல் சேகரித்து எழுத வேண்டும். இந்த வருஷம் தவறினால் அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். ஓய்வு பெறும்வரை உதவியாளர்தான்.

வீடு செகந்திராபாத்தில் திருமுல்கேரிப் பகுதியில். வகுப்பு முடிந்து நான் போய்ச் சேரும்போது என் கணவர் சோறு வடித்து வைத்திருப்பார். பத்து வயது மகள் நான் தமிழில் கேட்பதற்கெல்லாம் இந்தியில் பதில் சொல்வாள். "மம்மி, ஆஜ் பீ லேட்" என்பாள், இன்றைக்கும் லேட் என்று. 

2. நேர்க்கோடு

என் வேலை என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் காயில் ஷாப் என்று ஒன்று உண்டு. ரிலே என்ற சின்ன மின் சாதனத்துக்குள் போகும் காயிலை மெல்லிய செம்புக் கம்பியால் சுற்றும் இடம். நாற்பது பெண்கள் வேலை பார்த்தார்கள். ஒரு காயிலுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒவ்வொருவரும் ஜாப் கார்டில் எழுதுவார்கள். கார்டுகள் மாலையில் என் மேஜைக்கு வரும். நான் கூட்டி ரிஜிஸ்டரில் ஏற்றுவேன்.

ஒரு காயிலுக்கு நார்ம், அதாவது நிர்வாகம் விதித்த நேரம், பதினெட்டு நிமிடம். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் என் சீனியர் ஒரு சிவப்புப் பென்சிலைக் கொடுத்து, "பதினேழுன்னு வந்தாலும் சரி, பத்தொம்பதுன்னு வந்தாலும் சரி, அடிச்சுட்டுப் பதினெட்டுப் போடு. கேள்வி கேக்காத" என்றார். நான் கேட்கவில்லை. பதிமூன்று வருஷம் சிவப்புப் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

கட்டுரைக்கு எதை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. உற்பத்தி கூடக் கூட ஒரு காயிலுக்கு ஆகும் உழைப்பு கூடுகிறதா குறைகிறதா என்பது பாடப்புத்தகத்தில் ஒரு முழு அத்தியாயம். என்னிடம் இரண்டு வருஷ ரிஜிஸ்டர் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்து, மாதத்துக்கு ஒரு புள்ளியாக கிராஃப் தாளில் குறித்தேன். எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் உட்கார்ந்தன. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஒன்றுகூட நகரவில்லை. ஆபீஸில் கையால் சுற்றும் கணக்கு மெஷினில் இரண்டு முறை போட்டேன். பிழை பூஜ்யம் என்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்கு வருஷப் படிப்பில் முதல் முறையாக ஒரு கணக்கு என் சொல்லைக் கேட்டது என்று நினைத்தேன்.

மூர்த்தி சார் மெட்ராஸில் படித்த தெலுங்குக்காரர். வகுப்புக்கு வெளியே என்னிடம் தமிழில் பேசுவார். கட்டுரையைப் படித்துவிட்டு அந்த கிராஃபை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

"ரெஜினா, இந்த நாற்பது பேருக்கும் ஒரு நாளும் தலைவலி வந்ததில்லையா?"

"வந்திருக்கும் சார்."

"கம்பி அறுந்ததில்லையா? கரண்ட் போனதில்லையா? புதுசா யாரும் வேலைக்குச் சேரலையா?"

அவர் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"புத்தகத்துல வரைஞ்ச கோடுகூட இவ்வளவு நேரா இருக்காதும்மா. இது நீங்க சேகரிச்சதா, செஞ்சதா?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோதுதான் எனக்கு அந்தச் சிவப்புப் பென்சில் ஞாபகம் வந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பொய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தினமும் நானே திருத்தியது எனக்கே மெய்யாகிப் போயிருந்தது, அவ்வளவுதான். பிழை பூஜ்யம் என்று மெஷின் சொன்னபோது, பிழையையெல்லாம் அழித்தது நான்தான் என்று தோன்றவே இல்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"ஆறு வாரம் இருக்கு. மறுபடி செய்யுங்க" என்றார் அவர்.

3. காயில் ஷாப்

மறுநாள் கைக்கடிகாரத்தோடு காயில் ஷாப்புக்குப் போனேன். பதிமூன்று வருஷத்தில் அந்த ஷாப்புக்குள் நான் மொத்தம் பத்து முறை போயிருந்தால் அதிகம். கார்டுதான் என்னிடம் வரும், நான் கார்டிடம் போவதில்லை.

அங்கே அந்தப் பெண்களுக்குத் தலைவியான சார்ஜ்ஹேண்ட் எலிசபெத் அக்கா. வட ஆற்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக செகந்திராபாத், பேச்சில் ஊர் உருது கலந்து வரும். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"கைக்கு ரெஜினா, ஏன் வாட்ச்சைப் பாத்துக்கிட்டே நிக்கிற? சங்கு நாலரைக்குத்தானே."

படிப்புக்காக என்றேன். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று உண்மையாகவே பார்க்க வேண்டும் என்றேன்.

"பதினெட்டு நிமிஷம்."

"அக்கா, அது நான் எழுதுறது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஹவ், ஆமா, அதுவும் சரிதான். பாத்துக்கோ. பேரு மட்டும் எழுதாத."

மூன்று நாள் மதிய உணவு நேரத்தையும் பெர்மிஷன் நேரத்தையும் சேர்த்து அங்கேயே நின்றேன். கைதேர்ந்தவர்கள் பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு காயிலை முடித்தார்கள். புதிதாக வந்தவர்களுக்கும் கண் மங்கிய இரண்டு மூத்த பெண்களுக்கும் இருபத்தேழு ஆனது. ஒரு நாளைக்கு ஒருவர் இருபத்துநான்கு காயில் தர வேண்டும். வேகமானவர்களுக்கு அது மதியம் ஒரு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். அதன் பிறகும் அவர்கள் சுற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். ஏன் என்று மூன்று மணி டீ வரும்போது புரிந்தது. டீ டம்ளரை வாங்கிக்கொண்டு பேசியபடியே ஒவ்வொருத்தியும் தன் தட்டிலிருந்து நான்கு, ஐந்து காயிலை எடுத்து, அன்றைய கணக்கை எட்டாதவர்களின் தட்டில் வைத்துவிட்டுப் போனாள்.  அன்று ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் தட்டு நான்கு பேர் கையால் நிறைந்தது. நாலரைக்கு எல்லாத் தட்டிலும் இருபத்துநான்கு.

"பன்னெண்டுன்னு எழுதினா அடுத்த மாசம் எல்லாருக்கும் பன்னெண்டுதான் நார்ம். இருபத்தேழுன்னு எழுதினா அந்தப் புள்ளைக்கு மெமோ. அதான் பதினெட்டு" என்றார் அக்கா. பிறகு, "இதெல்லாம் உன் காலேஜுக்குத்தானே? ஆபீஸுக்கு ஒரு காப்பி போகாதே?" என்று கேட்டார்.

எனக்குப் படிக்க அனுமதி கொடுத்த கடிதத்தில் நான்காவது நிபந்தனை ஞாபகம் வந்தது. தொழிற்சாலைத் தகவலைப் பயன்படுத்தும் எந்தக் கட்டுரைக்கும் ஒரு பிரதி செக்‌ஷன் தலைவருக்குத் தர வேண்டும். நான் அதைச் சொன்னதும் அக்கா, "அப்பிடின்னா நக்கோம்மா, வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தன் மெஷினுக்குப் போனார். கெஞ்சியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்திருக்கும்.

அந்த வாரமே செக்‌ஷன் தலைவர் ரங்கநாதன் சார் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. மேலிடத்திலிருந்து அவருக்கும் நெருக்கடி.

"என்னம்மா ரெஜினா, காயில் ஷாப்லயே நிக்கறயாமே. பேப்பர் எப்ப முடியும்? நார்ம்ஸ் ரிவிஷனுக்கு அதையே அட்டாச் பண்ணிடலாம்னு பாக்கறேன். உனக்கும் இன்டர்வியூல நல்ல பேரு."

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு வாரம் மனசிலேயே வைத்திருந்துவிட்டு மூர்த்தி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டுக்குத் தட்டு காயில் போவதைச் சொன்னபோது அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இத எழுதுங்கம்மா. இந்த வகுப்புலயே இதுதான் முதல்தரக் கட்டுரை."

நான்காவது நிபந்தனையைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

"எழுதுங்கன்னு நான் சொல்ல முடியாது. எழுதாதீங்கன்னும் சொல்ல முடியாது. ஆனா அந்த நேர்க்கோட்டுக்கு என்னால பாஸ் போட முடியாது."

மூன்று வாரம் மீதி இருந்தது.

4. இரண்டு பஸ்

அன்று திரும்பும்போது பஸ்ஸில் தூங்கிப் போனேன். கண்டக்டர் எழுப்பியபோது திருமுல்கேரி தாண்டி இரண்டு ஸ்டாப். இறங்கி நடந்தேன். செருப்பு வார் வேறு அறுந்துவிட்டது. உண்மையைச் சொல்வதானால், தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். பட்டமும் வேண்டாம், ஆபீசரும் வேண்டாம், யாராவது ஒரு பாயைப் போட்டுப் படு என்றால் போதும் என்றிருந்தது.

அழுது முடித்ததும் பழக்கதோஷத்தில் பையிலிருந்து பாக்கெட் டைரியை எடுத்து, பஸ் ஏறிய நேரம், இறங்கிய நேரம் எழுதினேன். எங்கள் செக்‌ஷன்காரர்களுக்கு வரும் வியாதி அது. எதற்கும் நேரம் குறிப்போம். எழுதியபிறகுதான் உறைத்தது. வகுப்பில் சேர்ந்த நாள் முதல் ஒவ்வொரு மாலையும் அந்த டைரியில் இருந்தது. எந்த பஸ், எத்தனை நிமிடம் காத்திருந்தேன், உட்கார இடம் கிடைத்ததா, வகுப்புக்கு எத்தனை நிமிடம் தாமதம். யாரும் சிவப்புப் பென்சில் வைக்காத எண்கள். தொழிற்சாலைத் தகவல் ஒன்றுகூட இல்லை.

மூன்று வாரத்தில் எழுதி முடித்தேன். வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு மாலைப் படிப்பால் போகும் நேரத்தின் மதிப்பு என்ன என்பது தலைப்பு. இந்தத் தடவை கிராஃபில் புள்ளிகள் சிதறிய கடுகு மாதிரி கிடந்தன. கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம். மீதியிருக்கும் சர்வீஸில் கிடைக்கக்கூடிய ஆதாயத்தையும் போன நேரத்தையும் எதிரெதிரே வைத்தால், இந்த மாணவி இந்தப் படிப்பில் சேர்ந்திருக்கக் கூடாது என்று முடிவு வந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

மூர்த்தி சார் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தார்: "முடிவு சரி. ஆனால் பஸ்ஸில் தூங்கிய நேரம் ஆதாயக் கணக்கில் சேர வேண்டும்." மதிப்பெண் முதல் வகுப்பு இல்லை. பாஸ்.

ரங்கநாதன் சார் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "காயில் ஷாப்ப விட்டுட்டு பஸ்ஸ பத்தி எழுதினயாமே" என்றார் ஒரு நாள். ஆமாம் சார் என்றேன். நார்ம்ஸ் ரிவிஷன் ஃபைல் இணைப்பு இல்லாமல் அலமாரிக்குப் போனது. இன்டர்வியூவில் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நாற்பதுக்கு இரண்டு மாதம் இருந்தது.

ஆபீசராக உட்கார்ந்த முதல் மாலை, கார்டுக் கட்டுக்குள் ஒரு கார்டில் இருபத்தாறு நிமிடம் என்று இருந்தது. போனில் அக்காவைக் கூப்பிட்டேன்.

"யாரு அக்கா இது?"

"புதுசும்மா. தெரியாம உண்மைய எழுதிட்டா."

நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. கம்பெனிக்கு அது நஷ்டமா லாபமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இளைய தலைமுறைக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒழுங்கான எண் கையில் வந்தால் சந்தோஷப்படாதீர்கள். எழுந்துபோய், அது வருகிற இடத்தில் மூன்று மணி டீ வரைக்கும் நில்லுங்கள். அதன் பிறகு என்ன செய்வது என்பது உங்கள் பாடு.

அன்று மாலை சிவப்புப் பென்சிலைச் சீவினேன். இருபத்தாறை அடித்துவிட்டுப் பதினெட்டு என்று எழுதி, பக்கத்தில் முதல் முறையாக என் கையெழுத்தைப் போட்டேன்.